பால், பல்ப்

ஹமில்ட்டன், பார்ட்டன் தெரு, ஏழாம் மாடி.
பத்தொன்பது நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்களாம்.
மாசி மாதம். ஹீட்டர் முழு வேகத்தில் ஓடியபடி.
மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை,
கீழ்வீட்டுக்காரி சொன்னது போதும்:
"முதல்ல எலி செத்துப்போச்செண்டு நினைச்சம்."

வெள்ளை உடுப்புக்குள் இறங்கி
கையுறைக்கு மேல் கையுறை போட்டு
மணிக்கட்டில் டேப் சுற்றி முகமூடியை இறுக்கினால்
என் மூச்சு எனக்கே பெரிதாய்க் கேட்கும்.
ரோண்டா கம்பளத்தை வெட்டி மடித்தாள்.
மேலே கையகலம் தெரிந்தது
அடிப்பலகையில் பாயகலம்.
எப்போதும் அப்படித்தான்.
மூன்றடிக்கு நான்கடி, வாள் வைத்து அறுத்தோம்.
சிவப்புப் பையில் கட்டி
எடை போட்டு
கையெழுத்து வைத்தேன், தமிழில்.

ஊரில் எங்களைப் படலையோடு நிறுத்துவார்கள்.
பெண்கள் சுடலைக்குப் போவதில்லை.
பிரேதம் முடக்குத் திரும்பியதும்
வாளியும் விளக்குமாறுமாய் உள்ளே வருவோம்.
வீடு கழுவுவது எங்கள் பங்கு.
அதற்கு இங்கே மணிக்கு இருபத்தெட்டு டொலர்,
பல்லுக்குக் காப்புறுதியும் உண்டு.

பிரிட்ஜ் கதவில், காந்தத்தின் கீழ் ஒரு துண்டு:
பால்.
நடைக்கு பல்ப்.
டெனிஸுக்கு போன்.
கடைசி வரியின் அடியில் இரண்டு கோடு.
உறவினர் பெட்டிக்குள் வைத்தேன்,
மூக்குக்கண்ணாடி, ஒரு பிடி சில்லறை, பல்செட்டோடு.
பெட்டியைத் தேடி எவரும் வரவில்லை.

மீட்டர் முதலில் எழுநூற்றுப் பன்னிரண்டு காட்டியது.
நொதியம் அடித்து, காத்திருந்து, துடைத்து,
மறுபடி அடித்து, நூற்று நாற்பது.
முப்பதுக்குக் கீழே வந்தால் சுத்தம்.
மாலை ஐந்தரைக்கு ஒன்பது.
என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்
ஒருநாள் அதை வைத்துப் பார்த்தேன்:
நானூற்று ஆறு.
யாருக்கும் சொல்லவில்லை.

சனம் கேட்டால் 'கிளீனிங்' என்பேன்.
ஒஃபிஸ் என்று நினைத்துக்கொள்ளும்.

ஆவணியில் சுகிர்தா எடுத்தாள்.
"வாடகைக்குத்தான் அக்கா, எண்டாலும் பால் காய்ச்சுறம், வாங்கோ."
தெருவைச் சொன்னாள், மாடியைச் சொன்னாள்,
கதவு எண்ணைச் சொன்னாள்.
நான் எழுதிக்கொள்ளவில்லை.

புதுப் பூட்டு. அதே கதவு.
புகை அலாரத்துக்குக் குளியல் தொப்பி மாட்டி
சாம்பிராணி போட்டிருந்தார்கள்.
"கால் வைக்கேக்கயே தெரியுது," என்றார் ஒரு மாமா,
"முந்தி இருந்தவை நல்ல துப்புரவான ஆக்கள்."
ஓம் என்றேன்.
சுகிர்தாவின் பிள்ளை தவழ்ந்து வந்தது,
பழைய பலகை, பழைய பலகை,
பிறகு உள்ளங்கைச் சத்தம் மாறுகிற
அந்த மூன்றடிக்கு நான்கடி.
அங்கேயே நின்று தட்டித் தட்டிப் பார்த்தது.
நான் போய்ப் பக்கத்தில் இருந்துகொண்டேன்.
"கதிரையில இருங்கோ அக்கா."
"இஞ்ச நல்லாயிருக்கு."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.
எல்லாரும் கை தட்டினார்கள்.

வெற்றிலைத் தட்டோடு நான் கொண்டுபோன பையில்
ஒரு பல்ப் இருந்தது.
நடை இருட்டாகத்தான் கிடந்தது,
ஆறு மாதமாக யாரும் ஏறிப் பார்க்கவில்லை.
கதிரை போட்டு ஏறித் திருகினேன்.
"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் சுகிர்தா.
"எல்லா வீட்டிலயும் நடையிலதான் முதல்ல போறது."

டெனிஸின் இலக்கம் கோப்பில் இருக்கிறது.
முடிந்த கோப்புகளை நாங்கள் திறக்கக் கூடாது.

சில்வர் பேணியில் பால் தந்தாள்.
சீனி கூட.
கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.