ஓரவஞ்சனை

வூச் நகரத்துப் பழைய நூற்பாலையின்
பின்சுவர்தான் என் தேர்வுத்தாள்.
நாற்பத்தோரு வரிசைச் செங்கல்.
ஒரு வரிசை மட்டும் யாரோ குடித்துவிட்டுக் கட்டியது;
அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

முக்காலி, நீர்மட்டம்.
சுவரோடு ஒரு கைக்கண்ணாடியை ஒட்டிப் பிடிக்க
எதிர்வீட்டு ஒதிலியா வருவாள்.
லென்ஸ் தன் முகத்தைத் தானே
நட்டநடுவில் பார்க்கும்வரை நகர்த்துவேன்,
இடம் ஒரு மயிரிழை, வலம் ஒரு மயிரிழை.
நவம்பர். அவள் விரல் விறைத்துப்போகும்.
"போதுமா?" என்பாள்.
"இன்னும் கொஞ்சம்" என்பேன்.
ஆறு வருடமாய் எங்களுக்குள்
இவ்வளவுதான் பேச்சு.

இன்று வந்தது முப்பத்தைந்து மில்லிமீட்டர்.
கொண்டுவந்தவர் கயேத்தான்.
இருநூறு ஸ்வாட்டி கேட்டார், மூடிக்கும் சேர்த்து.
முழுத் திறப்பில் ஒரு படம்:
நடுவே செங்கல்லின் துளையை எண்ணலாம்,
மூலைக்குப் போனால்
காரை கஞ்சியாய்க் கிடக்கிறது.
ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு.
"மூலை செத்துவிட்டது. எண்பது" என்றேன்.
கயேத்தான் தொப்பியைக் கழற்றி
மறுபடி போட்டுக்கொண்டார்.

உறுதிக்கு இன்னொன்று அழுத்தினேன்.
வேலை முடிந்ததென்று ஒதிலியா
சுவரைவிட்டு மூன்றடி முன்னால் வந்து
சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்,
படத்தின் இடது கீழ் மூலையில்.
"நகரு" என்று கத்துவதற்குள் விழுந்துவிட்டது.

பத்து மடங்கு பெருக்கிப் பார்க்கிறேன்.
பின்னால் செங்கல் கரைகிறது.
முன்னால் கம்பளிக் கையுறையில் பிரிந்த ஒற்றை இழை,
தீக்குச்சியின் கருமுனை,
கீழுதட்டில் குளிர் கீறிய வெடிப்பு,
சொல்ல வந்து நிறுத்தியதுபோல் ஒரு மடிப்பு.
நடுவில்கூட இத்தனை கூர்மை இல்லை.

சாகவில்லை மூலை.
வேறு தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

முற்றத்துச் சரளையைக் குனிந்து எடுத்தேன்:
கூர்மை நேர்கோடாய் ஓடவில்லை,
இரு முனையும் என் பக்கம் வளைந்த வில்.
கேமராவைத் தலைகீழாய்த் திருப்பியும் பார்த்தேன்.
அதே வளைவு, நான்கு மூலைக்கும்.
உள்ளே எந்தக் கண்ணாடியும் இடம் பெயரவில்லை.
கிண்ணத்தின் குழிவை
தட்டைச் சுவரில் வைத்து அளந்தது நான்தான்.

"இருநூறே தருகிறேன்" என்றேன்.
கயேத்தானுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.
"செத்தது எழுந்துவிட்டதா? அப்படியானால் முந்நூறு."
இருநூற்று நாற்பதில் முடிந்தது.

"போதுமா?" என்கிறாள் ஒதிலியா,
கைக்கண்ணாடியைக் கோட்டில் துடைத்தபடி.
எட்டுக்கு மூடினால்
சுவர், மூலை, அவள் எல்லாம் ஏறக்குறைய
ஒரே சீராய் வந்துவிடும்.
விரல் வளையத்தில்தான் இருக்கிறது.
இன்னும் மூடவில்லை.