குறைந்தபட்சம் ஏழு பேர்

சுற்றறிக்கையில் அப்படித்தான் இருந்தது:
ஏழு பேருக்குக் குறைந்தால்
கல்வித் தலைமைத்துவ முதுநிலைப் பிரிவை
அடுத்த ஆண்டு தொடர இயலாது.

நாங்கள் ஏழே பேர்.
தண்டையார்பேட்டையில் மூன்றாவது மாடி,
நூலகத்தில் பாதியைத் தட்டி வைத்து மறைத்த வகுப்பு.
மின்விசிறி சுற்றினால்
புரொஜெக்டர் திரை பாய்மரம்போல் உப்பும்,
அதில் எழுதிய தொலைநோக்கு வளைந்து
கொஞ்ச நேரம் எந்தச் சொல்லாகவும் இருக்காது.

சாமுண்டீஸ்வரி இரண்டாம் வகுப்பு டீச்சர்,
கைப்பையில் பாதி சாக்பீஸ், பாதி மாத்திரை.
ரஹ்மத்துனிசா எல்லோருக்கும் நகல் எடுப்பாள்,
பக்கத்துக்கு ஒரு ரூபாய், மீதிச் சில்லறை கறாராகத் தருவாள்.
ஆன்டோ எதையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பவன்.
மணலியிலிருந்து இருவர், எப்போதும் ஒரே குடையில்.
டில்லிபாபு
இரண்டாம் பருவக் கட்டணத்துக்கு முந்தின வாரம்
"தவணைல வண்டி ஒண்ணு எடுத்துக்கீறேன்" என்றான்.
அவ்வளவுதான்.
அவன் நாற்காலியில் அப்புறம் எங்கள் பைகள் உட்கார்ந்தன.

என் ஆய்வு, பள்ளித் தலைமையாசிரியர்களின்
தலைமைப் பாங்குகள் பற்றி.
நாற்பது வினாத்தாள் கொடுத்தேன், பதினொன்று திரும்பியது.
ஒன்றில் எல்லாக் கேள்விக்கும்
'கருத்து இல்லை'யில் டிக்.
ஓரத்தில் மட்டும் பென்சிலால்,
"கக்கூஸ்ல தண்ணி வருதான்னு
ஒரு கேள்வி இல்லியேம்மா."
இதை எந்த அட்டவணையில் சேர்ப்பது?
மடித்துப் பர்ஸில் வைத்திருக்கிறேன்,
பஸ் பாஸுக்குப் பின்னால்.

ஆய்வுக்குழு வருகிற வெள்ளிக்கிழமை,
ஐந்தேகாலுக்கு,
கொருக்குப்பேட்டை கேட் விழுந்தது.
விழுந்தால் விழுந்ததுதான்.
பாதி வந்து நிற்கும் கூட்ஸ் வண்டிக்கு
யாரும் காரணம் சொல்வதில்லை.

இந்தப் பக்கம் நாங்கள் ஆறு பேர்.
எங்களுக்குப் பின்னாலேயே வெள்ளைக் காரில்
கண்ணாடியை இறக்காமல் குழு.
அந்தப் பக்கம், இரண்டு பெட்டிகளின் இடைவெளியில்,
குழுவை வரவேற்கக் கிளம்பிவந்த பெனடிக்டா மேடம்,
ஸ்கூட்டி சீட்டின்மேல் வருகைப் பதிவேடு.

ஒருவன் குனிந்து நுழைந்தான்.
சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு இன்னொருவன்.
அப்புறம் கும்பலாக.
"இதுக்கு இன்னா கோட்பாடு?" என்றான் ஆன்டோ.
"சாவுற கோட்பாடு," என்றாள் சாமுண்டீஸ்வரி
அவன் சட்டையை விடாமல்.

ஐந்தே முக்காலுக்குள் வருகையை
இணையத்தில் ஏற்றியாக வேண்டும்.
மேடம் இரும்புக்கு அப்பாலிருந்து பெயர் கூப்பிட்டார்.
நாங்கள் கத்தினோம்,
ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்போல் கையைத் தூக்கிக்கொண்டு.
கீரைக்காரம்மா சிரித்தாள்.
அப்புறம், பழக்கதோஷமோ என்னவோ,
"டில்லிபாபு."

கேட்டில் அத்தனை ஹாரனும்
ஒரே சமயத்தில் மூச்சு வாங்கியதுபோல் இருந்தது.
நான் செருப்பைப் பார்த்தேன்.

"உள்ளேன் மேடம்!"

நாலு வண்டி தள்ளி
ஒரு குட்டி யானை, முழுக்கத் தண்ணீர் கேன்.
ஜன்னலில் அவன் தலை, தலையில் துண்டு.
கார்க் கண்ணாடி இரண்டு விரல் இறங்கியது.
மேடம் எழுதினாரா
எழுதுவதுபோல் குனிந்தாரா, தெரியாது,
அதற்குள் பெட்டிகள் நகரத் தொடங்கிவிட்டன.

மூன்றாவது மாடியில் குழுத் தலைவர்
எங்களை விரலால் எண்ணினார்.
ஆறு.
மறுபடியும் ஆறு.
"இன்னொருத்தர்?"
ரஹ்மத்துனிசா, பொய்யே சொல்லாத ரஹ்மத்துனிசா,
"படிக்கட்டுல வர்றார் சார்" என்றாள்.

வந்தான்.
தோளில் கேன், முழங்கால்வரை ஈரம்.
இறக்கிவைத்து மூடியைப் பிய்த்தான்.
பைகளை எடுத்தோம்.
நாற்காலி நுனியில் உட்கார்ந்து
திரையில் உப்பிக்கொண்டிருந்ததை
வாய்க்குள் எழுத்துக்கூட்டிப் பார்த்தான்.
பிறகு யாரையும் பார்க்காமல்,
"அரை அவர்தான் மேடம்.
வண்டி நோ பார்க்கிங்ல கீது."