குறைந்த வெளிச்சம்

செவ்வாய் இரவு பதினொன்றே கால்.
யீஷூனில் மழை என்று
நனைந்த செருப்போடு வந்த போர்ட்டர் சொல்லித்தான் தெரியும்.
இந்த அறைக்கு ஜன்னல் இல்லை.
காந்தத்துக்கு உறக்கமும் இல்லை.
விளக்கை அணைத்தாலும் கதவைப் பூட்டினாலும்
விழித்தபடி இரும்பைத் தேடும்.

சாவி, பெல்ட், கைபேசி, பயண அட்டை
எல்லாம் தட்டில் போட்டுவிட்டார் சுல்கிஃப்லி.
மோதிரம்தான் வரவில்லை.
சோப்பு போட்டு, திருகி,
முப்பத்தொரு வருஷம் என்று மலாயில் முனகிக்கொண்டே
கழற்றியபோது
கழற்ற முடியாத வெளுத்த வளையம் ஒன்று
விரலில் மிஞ்சியது.

அறுபத்திரண்டு வயது. பேருந்து ஓட்டுநர்.
ஈரலில் ஏதோ நிழல்.
படிவத்தில் அவ்வளவுதான்.

அவர் படுத்த மெத்தைக்கடியில்
முடியைவிட மெல்லிய கண்ணாடி இழை
இடியாப்பமாய் வளைந்து கிடக்கிறது.
கம்பி என்றால் இங்கே சூடேறும்,
படத்தின் குறுக்கே பேய்க்கோடு இழுக்கும்.
வெளிச்சத்துக்கு மட்டும் காந்தம் வழிவிடுகிறது.
ஒரு முனையில் ஊற்றுகிறோம்,
மறுமுனையில் அளந்து வாங்குகிறோம்.
நெஞ்சு எழும்ப, முதுகு அழுந்த,
இழை வளைந்த இடத்தில்
கொஞ்சம் ஒழுகிவிடும்.
எவ்வளவு குறைந்ததோ அதுதான் மூச்சு.
ஏழு மாதமாகப் பார்க்கிறேன்.
வந்ததை விட்டுவிட்டுப்
போனதை எண்ணும் இந்தக் கணக்கு
எனக்கு இன்னும் பழகவில்லை.

தாரிக் நஃபாஸ். இழுங்கள்.
தஹான். பிடியுங்கள்.
லெப்பாஸ். விடுங்கள்.
நாலு மொழியில் இந்த மூன்று சொல் மட்டும்
எனக்குத் தப்பில்லாமல் வரும்.
ஒலிவாங்கியில் நான் சொல்லச் சொல்ல
திரையில் பச்சைக் கோடு
ஏறியது, நின்றது, இறங்கியது,
நிறுத்தம் தவறாத பேருந்து மாதிரி.

ஆறாவது பதிவில்
இறங்கும் கோட்டில் படிகள் இருந்தன.
ஒன்று. ஒன்று.
இன்னொன்று, சின்னதாய்.
இருமல் என்றால் ஊசியாய்க் குத்தும்.
விக்கலுக்கு ஓர் ஒழுங்குண்டு.
இது வேறு.

உள்ளே இயந்திரம்
தகரத்தில் சம்மட்டி அடித்துக்கொண்டிருந்தது.
அந்த இரைச்சலில் ஒரு மனிதர் என்ன சத்தம் போட்டாலும்
கண்ணாடிக்கு இப்பால் கேட்காது.
அதை நம்பித்தான் அழுதிருக்க வேண்டும்.

"பாக்சிக், ஓகே?"
"ஓகே, ஓகே. போலே."
குரல் காய்ந்து, சரியாகவே இருந்தது.
கோடு மட்டும்
படியிறங்கிக்கொண்டே இருந்தது.

எதற்கென்று கேட்கவில்லை.
கேட்கும் அளவுக்கு மலாய் வராது;
தமிழானாலும் கேட்டிருக்க மாட்டேன்.
மெஷின் சூடாகிவிட்டது, செகெஜாப் என்று
பொய் சொல்லி நிறுத்தினேன்.
நாலு நிமிஷம்.
அடுத்தவர் வெளியே சக்கர நாற்காலியில்.
ஃபெலிசியா கதவைத் திறந்து
மணிக்கட்டைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனாள்.
நான் கோட்டையே பார்த்திருந்தேன்.
ஒருவர் முகத்தைப் பார்க்காமல்
இவ்வளவு நேரம் யாரையும் நான் பார்த்ததில்லை.

பிறகு, யாரும் சொல்லாமலே
ஒரு நீண்ட மூச்சு.
கோடு திரையின் மேல்விளிம்பைத் தொட்டது,
வழுக்கிக்கொண்டு இறங்கியது,
படியே இல்லாமல்.
தாரிக் நஃபாஸ் என்றேன்.

பதிவேட்டில் எழுதினேன்:
அசைவு. மறுபதிவு ஒன்று.
வேறு கட்டம் அதில் கிடையாது.

போகும்போது மோதிரம் ஏற மறுத்தது.
சட்டைப்பையில் போட்டுப் பொத்தானிட்டு
மேலே ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.
கடைசி பஸ் போயிருக்குமே என்றேன், கைஜாடையில்.
ஓட்டுவது என் கூட்டாளி, நிற்பான் என்பதுபோல்
ஏதோ சொல்லிச் சிரித்தார்.

காலி மெத்தை. திரையில் கோடு
படுத்தே கிடந்தது.
ஆல்கஹால் துணியால் துடைக்கையில்
என் உள்ளங்கை அழுந்தி
கோடு ஒருமுறை எழுந்து அடங்கியது.
யாருடையதென்று கேட்காமல்
அதையும் பதிந்துகொண்டது.