ஒன்பது கட்டம்

ஆலோசகர் விட்டுப்போன தாளில் ஒன்பது கட்டம்.
கிடையாக: இன்று எப்படி வேலை செய்கிறார்.
நெடுக்காக: நாளை என்ன ஆவார்.
நாலாயிரம் பெசோ வாங்கிக்கொண்டார், ரசீதோடு.

ஞாயிறு மாலை, சமையலறை மேசையில்
பத்தொன்பது பெயரையும் கத்தரித்துப் பரப்பினேன்.
தெற்கிலிருந்து பம்பேரோ காற்று
ஜன்னலை உலுக்கிக்கொண்டிருந்தது.
ஆட்கள் பறந்துவிடாமலிருக்க
ஆளுக்கொரு மொச்சை வைத்தேன்.

மிர்த்தா சோசாவை எங்கே வைப்பது?
கிடங்கு அவளுடையது.
முப்பது வருடப் பழைய ஸ்பிரிங் என்றாலும்
கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டுவாள்.
'நாளை' என்ற கோட்டில் மட்டும் அவள் ஏற மறுத்தாள்.
மேற்பார்வையாளர் ஆகிறாயா என்று போன வாரம் கேட்டதற்கு
"ஐந்து மணிக்கு எனக்கு நீச்சல்" என்றாள்.
நீச்சலுக்கு அந்தத் தாளில் இடமில்லை.

வாஷிங்டன் பெரேரா
(எங்கள் ஊரில் அது சாதாரணப் பெயர்தான்)
வாடிக்கையாளர்களிடம் எரிந்து விழுவான்.
அவன் தொட்ட பிரேக் ஐந்து வருடம் முனகாது.
அவனை இரண்டாகக் கிழித்து
எதிரெதிர் மூலையில் வைத்தேன்.

வலது மேல் மூலைக்கு ஒருவன்தான்: லெயாந்த்ரோ.

நாங்கள் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர்கள்.
மொந்தெவிதேயோவில் நானூற்றுப் பன்னிரண்டு கட்டடங்களில்
சனங்களை மேலே அனுப்புகிறோம்.
எங்கள் பட்டறைக்கு மாடி கிடையாது.
தரை, அதற்கு மேல் தகரம்.
அவன் ஏறுவதற்கென்று இருக்கிற ஒரே படி
என் நாற்காலி.
அதில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை வந்தான்,
அக்குளில் இடுக்கிய வெந்நீர் பிளாஸ்க்கும் கையில் மாத்தேயுமாக.
ஏர்போர்ட் பக்கம் பெரிய கம்பெனி.
இரட்டைச் சம்பளம், பல் வைத்தியம் உட்பட.
என்னிடம் இருந்ததையெல்லாம் எடுத்து வைத்தேன்:
வெள்ளிக்கிழமை அரை நாள்,
புது வேன், அதாவது போன வருடத்து வேன்,
'தொழில்நுட்பத் தலைவர்' என்று ஒரு பதவி.
"யாருக்குத் தலைவர்?" என்றான்.
அந்தப் பிரிவில் இரண்டு பேர். அதில் ஒருவன் அவன்.

மேசைமேல் கிடந்த தாளைப் பார்த்தான்.
அவன் மொச்சை மட்டும் தனியாக.
நான் மறைப்பதற்குள் தாளைத் திருப்பி
பின்பக்கம் ஒன்பது கட்டம் போட்டான்.
பேனா ஓடவில்லை; நாக்கில் தொட்டுக்கொண்டான்.
நட்ட நடுவில் என் பெயரை எழுதினான்: சுல்மா.
"இன்று, பரவாயில்லை.
நாளை, யாராவது பழக்கினால் வருவீர்கள்."

எனக்குச் சிரிப்பு வர நேரமாயிற்று.
வந்த நேரம் போன் அடித்தது.

கனெலோனெஸ் தெரு. ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில்
ஓர் ஆள், பிறந்தநாள் கேக்கோடு.
வாஷிங்டன் வேறெங்கோ கத்திக்கொண்டிருந்தான்.
நானும் லெயாந்த்ரோவோடு கிளம்பினேன்.
இயந்திர அறையில் டார்ச்சை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு
சக்கரத்தைக் காட்டினான்.
"பிரேக்கை நான் விடுகிறேன். நீங்கள் சுற்றுங்கள்.
மெதுவாக. இழுக்கிறார்கள் என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியக் கூடாது."

பதினோரு வருடமாக முதலாளி.
ஓர் ஆளின் கனம் உள்ளங்கைக்கு வந்தது
அன்றைக்குத்தான்.

இரண்டு விரற்கடை தாழ்வாகத்தான் நிறுத்தினேன்.
அவர் தாண்டி ஏறினார், கேக் ஒரு பக்கம் சரிந்திருந்தது.
"மெக்கானிக் யார்?" என்று திட்டத் தயாரானார்.
லெயாந்த்ரோ என்னைக் கைகாட்டினான்.
வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

இன்னும் பதினாறு நாள் இருப்பான்.
இருக்கச் சொல்லி நான் மறுபடி கேட்கவில்லை.
அந்தத் தாள் வேனில் கிடந்தது;
மறுநாள் பார்த்தால் வாஷிங்டன் அதன் மேல்
கிரீஸ் டப்பா வைத்திருந்தான்.
எந்தப் பக்கம் மேலே இருந்ததென்று பார்க்கவில்லை.

இரவு விளம்பரம் எழுத உட்கார்ந்தேன்.
'வளரும் நிறுவனம்' என்று ஆரம்பித்து அடித்தேன்.
'குடும்பம் போன்ற சூழல்', அதையும்.
மாடி இல்லை என்று எழுதினேன்.
யாரிடம் கற்கலாம், எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகலாம்
என்று எழுதினேன்.
பிறகு சம்பளம்.
அழித்து, கொஞ்சம் கூட்டினேன்.