அரை அம்பியர்

பாலையூற்றில் என் மேசைக்கு வந்த விளக்கில்
பன்னிரண்டு மணிகள்.
ஏழு கருகியிருந்தன.
நேரே பற்றரியில் கொழுவினாயா என்றேன்.
யோகறஞ்சன் பிடரியைச் சொறிந்தான்.
"சோத்தைப் போட்டால் தின்னத்தானே வேணும், அக்கா."

தின்னும். அதுதான் பிரச்சினை.
போதும் என்று சொல்ல இந்த மணிகளுக்குத் தெரியாது.
சூடேறினால் தடை தளரும்,
தளர்ந்தால் இன்னும் குடிக்கும்,
குடித்தால் இன்னும் சூடேறும்.
என் பெரியப்பாவின் மகன் ஒருவன் இப்படித்தான்.
அதை விடுவோம்.

ஏழு மணி மாற்றி, பன்னிரண்டையும் ஒரே வரிசையில் தொடுத்து
ஒரு சுற்றுச் செய்தேன்.
ஒரு சுருள், ஒரு டயோட்டு,
எட்டுக் கால்களோடு ஒரு கறுப்புச் சில்லு,
மின் வெளியேறும் வாசலில் அரை ஓம் தடையி.
அந்தத் தடையியில் கால் வோல்ற்று நிற்கிறதா என்று
சில்லு விநாடிக்கு லட்சம் தடவை எட்டிப் பார்க்கும்.
கூடினால் குறைக்கும். குறைந்தால் கூட்டும்.
இப்படிக் கணக்குப் பார்க்க ஒருவர்
எங்கள் சங்கக் கடையிலும் இருந்திருக்கலாம்.

மீற்றரை வைத்தேன்.
பற்றரி பன்னிரண்டரையில் அரை அம்பியர்.
பன்னிரண்டிலும் அரை.
பதினொன்றிலும் முள் அசையவில்லை.
ஈயப் புகை கண்ணைக் கரிக்க
எனக்கே கொஞ்சம் பெருமைதான்.
மீன் விலை காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று சொல்கிற ஊரில்
அசையாத ஒன்றைச் செய்து
ஒருவன் கையில் கொடுத்தேன்.

ஒரு கிழமையில் கணவாய் வந்தது, பை நிறைய.
மீற்றர்க் கம்பியெல்லாம் மை.
"வெளிச்சம் பால் மாதிரி. றேடியோ மட்டும் இரையுது."
ஃபெரைற் வளையம் ஒன்றை வயரில் மாட்டி அனுப்பினேன்.

அடுத்த கிழமை வெறுங்கையோடு வந்தான்.
விளக்கை மேசையில் வைத்தான். கதிரையில் இருக்கவில்லை.

"பழைய விளக்கு மங்கும், அக்கா.
மங்கினால் தெரியும், பற்றரி முடியுது,
தூண்டிலைச் சுருட்டு எண்டு.
இது மங்கேல்லை.
ரெண்டு மணி மட்டும் ஒரே வெளிச்சம்.
பிறகு ஒண்டுமில்லை.
லைற் இல்லை, ஜிபிஎஸ் இல்லை, றேடியோ இல்லை.
மா ஆலைக்குக் கோதுமை கொண்டு வந்த கப்பல்
எங்கட பக்கம் திரும்பிச்சு.
ரோச்சை ஆட்டினம்.
ரோச்சை ஆர் பாக்கிறது?"

கூடப் போன மருசலின்
தண்ணீர்க் கானைத் தட்டிக்கொண்டே இருந்தானாம்,
அவ்வளவு உயரத்துக்கும் அது கேட்கும்போல.
அலை மட்டும் வந்து வள்ளத்தைத் தூக்கிப் போட்டது.
கப்பல் போய்விட்டது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்ல இருந்தது.
பற்றரி இளைக்க இளைக்க
என் சுற்று அதை இன்னும் பலமாக உறிஞ்சும்.
மேலே அரை அம்பியர் குறையாமலிருக்க
கீழே ஒன்றரை, ஒன்றே முக்கால், இரண்டு.
அந்த முள்ளை நான் பார்க்கவேயில்லை.
விளக்கின் பக்கம்தான் மீற்றர் வைத்திருந்தேன்.

அன்றிரவு இன்னொரு திரான்சிற்றர், இரண்டு தடையி.
பதினொன்றரைக்குக் கீழே இறங்கினால்
வெளிச்சத்தைப் பாதியாக்கு, அவ்வளவுதான் கட்டளை.
நிலைநிறுத்தியதை நானே தளர்த்தினேன்.
மேசையில் கொழுவி, வோல்ற்றை மெல்ல மெல்ல இறக்கினேன்.
விளக்கு நடுங்கவில்லை.
ஒரு படி இறங்கி நின்றது,
கூட்டத்தில் யாரோ
தொண்டையைச் செருமினாற்போல.

திருக்கடலூருக்கு அதைக் கொண்டு போனான்.
காசு அடுத்த கிழமை என்றான்.
போகும்போது, "பாதியெண்டால் எவ்வளவு நேரம் கிடைக்கும்?"
அரை மணித்தியாலம் என்றேன்.
பிறகு, "இருபது நிமிசம் எண்டு வை."

இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது.
பாலையூற்றிலிருந்து கடல் தெரியாது.
எழும்பிப் போய்
லாச்சிக்குள் கிடந்த மற்ற மீற்றரை எடுத்து
அதற்குப் பற்றரி போட்டேன்.