ஒரு வெள்ளி

ஜும்ஆவுக்குக் கதவை இழுக்கும் நேரம் பார்த்து வந்தார்
தோபி காட் வீரபுத்திரன்.
மார்க்கெட் ஸ்ட்ரீட் வெயிலும் அவர் பின்னாலேயே
கடைக்குள் ஏறியது.
பிஸ்கட் டின். டின்னுக்குள் துவாலை.
துவாலைக்குள் ஒரு தாள்.

"இது எவ்வளவு பெறும், நெய்னா பாய்?"

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்கு இருபத்தாறு வருடம்.
பழைய டாலர் கொண்டுவருகிறவர் யாரும்
வீட்டு விலைக்குக் குறைவாக நினைத்து வருவதில்லை.
நான் முத்திரை நிறத்தில் தொடங்குவேன்.
பச்சை என்றால் இன்றைய ரேட்டு, வரிசையில் நில்லுங்கள்.
சிவப்பு என்றால் உட்காருங்கள்.
மஞ்சள் வந்தால் தேத்தண்ணி சொல்லலாம் என்றிருக்கிறேன்,
இதுவரை சொன்னதில்லை.

இது நீலம்.
ஐம்பத்தேழாம் வருடத்து ஒரு டாலர்.
நீட்டுகிறவருக்கு வெள்ளியாகவே தருவோம் என்று
அச்சடித்த வாக்கு.
நம் ஊர் வெள்ளி அல்ல,
கொலுசு அடிக்கிற வெள்ளி.

எண்ணைப் பார்த்தேன்.
முதல் எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் நட்சத்திரம்.
அச்சில் கெட்டதை ஒதுக்கிவிட்டு
அதன் இடத்தில் வைக்கும் தாளுக்கு அப்படிப் போடுவார்கள்.
பதிலாள்தான்.
பதிலாட்கள் குறைவு என்பதால் விலை.
நாற்காலியில் சற்று நிமிர்ந்தேன்.

பிறகுதான் லென்ஸை எடுத்தேன்.
நல்ல தாளில் விரல் ஓட்டினால்
மை மேடு தட்டும்.
இது வேட்டிக் கரை போல வழுக்கிற்று.
விளக்குக்கு நேரே பிடித்தால்
மூன்று மடிப்பு உள்ளே நாரறுந்து கிடந்தது,
மேலே ஒரு சுருக்கமில்லை.
மூக்கருகே கொண்டுபோனேன்.
கஞ்சி.

"துவைச்சீங்களா?"

"வெள்ளாவியிலயே போயிருச்சு பாய், சட்டைப் பையோட.
அறுபத்தெட்டு, அக்டோபர் மழை.
வியட்நாம் சண்டையிலேர்ந்து அஞ்சு நாள் லீவுல வந்த பையன்,
ஆறு சட்டை போட்டிருந்தான்.
சட்டையெல்லாம் ஓட்டல்ல சேர்த்தாச்சு.
தாள் காய ஒரு நாள் ஆச்சு,
அதுக்குள்ள ப்ளேன் ஏறிட்டான்.
நல்லாத் தேய்ச்சு வைடா, கேட்டு வருவான்னாரு அப்பா.
அப்புறம் வருஷா வருஷம்
தீபாவளிக்கு மொத நாள் ஒரு தேய்ப்பு."

ஐம்பதுக்கு மேல் தீபாவளி.

சொன்னேன். சொல்லத்தானே வேண்டும்.
கசங்கினபடியே விட்டிருந்தால்
முப்பது வெள்ளிக்கு ஆள் பிடித்துத் தருவேன்.
இப்போது எட்டு. அதுவும் நட்சத்திரத்துக்காக.
சேகரிக்கிறவர்களுக்கு அழுக்கு குற்றமில்லை,
அழுக்கை எடுத்ததுதான்.
வெள்ளி தருவதாகச் சொன்ன வாக்கும்
அந்த வருடம் ஜூனோடு முடிந்துபோனது.
பையன் பையில் இருந்தபோதே
அது காலாவதியான சத்தியம்.

முகம் விழும் என்று காத்திருந்தேன்.

"அப்ப எட்டு வெள்ளிதான் கடன்?"

"என்ன கடன்?"

"விக்க வரல பாய்.
சட்டைக்குக் கூலி வாங்கியாச்சு. பைக்குள்ள இருந்தது அவனுது.
எவ்வளவுன்னு தெரியாம
பிள்ளைங்க தலையில விட்டுட்டுப் போக முடியுமா?"

பிறகு தாளைத் தன் பக்கம் திருப்பி
நட்சத்திரத்தின்மேல் விரல் வைத்தார்.
"அவங்க ஊருலயும் நம்மாளு இருந்திருக்கான், பாத்தீங்களா,
குறி போட்டு அனுப்பியிருக்கான்.
அப்பாவோட குறி ரெண்டு கோடு, ஒரு புள்ளி.
காலருக்குள்ள, சிவப்பு நூல்ல."

திருத்தவில்லை.
எந்தச் சட்டைக்கு எந்த வீடு என்று
ஒரு வாழ்நாள் தப்பாமல் சொன்ன மனிதரிடம்
நான் என்ன திருத்த.

ரசீது கேட்டார். எழுதினேன்:
நீல முத்திரை, நட்சத்திரம், எட்டு வெள்ளி.
தேதி கேட்டார்.
இன்று வெள்ளி என்று வாய்வரை வந்து
எண்ணிலேயே எழுதினேன்.

ரசீதை மடிக்காமல் டின்னில் வைத்தார்.
டாலரை நாலாக மடித்தார்,
ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் அழுத்தி,
சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.
"இனி கொஞ்சம் கசங்கட்டும். விலை ஏறுமா?"

"ஏறாது."

கப்பித்தான் பள்ளியில் பாங்கு தொடங்கிவிட்டது.
ஷட்டரைப் பாதியில் நிறுத்தி,
இப்போது வீட்டில் யார் துவைக்கிறார்கள்
என்று கேட்டேன்.

"மிஷின்," என்றார்.