முளை

வின்னிபெக்கில் மலை இல்லை.
குப்பை கொட்டி, மண் மூடி,
புல் விதைத்த மேடு ஒன்று உண்டு.
பனிக்காலத்தில் பிள்ளைகள் சறுக்குவார்கள்.
சீனாய், தாபோர், சீயோன் என்று
பூசையில் எது வந்தாலும்
என் கண்ணில் எழும்புவது அதுதான்.

நேற்று, தவக்காலத்து இரண்டாம் ஞாயிறு.
மலை உச்சியில் அவர் முகம் வெயிலானது.
இராயப்பர் பதறிப்போய்
மூன்று கூடாரம் போடட்டுமா என்றார்.
யாரும் பதில் சொல்லவில்லை.
மேகம்தான் வந்தது.

இன்று திங்கள்.
நகரசபை வண்டியில் நானும் பாஸிலும்.
கையில் கடுதாசி, பின்னால் கறுப்புப் பைகள்.
அசினிபோயின் ஆற்றங்கரையில்,
பாலத்துக்குக் கீழே,
மூன்று கூடாரம்.
திரும்ப எண்ணினேன்.
மூன்றேதான்.

ஒன்று கிழிந்த நீலத் தார்ப்பாய்.
ஒன்றின் கயிற்றில்
விறைத்துத் தொங்கும் காற்சட்டை.
மூன்றாவதன் ஸிப்பை ஒரு சாண் திறந்து
மார்லீன் கேட்டாள்:
"எத்தனை மணிக்குள்?"
அவள் மூச்சு வெண்மேகமாய் வெளியே வந்தது.

சீயோனும் கூடாரம்தானாம், எசாயா சொல்கிறார்:
முளை பிடுங்கப்படாத கூடாரம்.
எனக்கு இன்று பிடுங்குகிற வேலை.

குனிந்தேன்.
இழுத்தேன்.
நிலம் இரும்பாய் இறுகியிருந்தது.
பாஸில் சுத்தியல் எடுக்க வண்டிக்குப் போனான்.
அவன் திரும்பி வருவதற்குள்
படிவத்தில், காரணம் என்ற கட்டத்தில்,
பனி என்று எழுதிவிட்டேன்.

பொய்யில்லை.
இன்னும் கொஞ்சம் பலமாய் இழுத்திருக்கலாம்,
அவ்வளவுதான்.